கவனத்தில் எடுக்கப்பட்டது

(கல்முனையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பின்வரிசையில் கதவோரமாக இடம்பிடித்திருக்கும் மாணவ மாணவியரே!

பின்வரிசை என்றதும் அங்கே இரண்டொருவர் சிரித்தீர்கள். முன்னால் நாலு வரிசை காலியாகக் கிடக்கிறது. கூப்பிட்டாலும் வரமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். விரிவுரை மண்டபத்தில் முப்பது வருடம் கூப்பிட்டுத் தோற்றவன் நான். இன்றைய பேச்சும் ஒருவகையில் அந்தக் காலி வரிசைகளைப் பற்றியதுதான்.

ஒரு பல்கலைக்கழகத் துறையில் மாணவர்களும் ஆசிரியர்களும் ஒன்றாக உட்கார்ந்து வசதிகளைப் பற்றியும் பாடங்களைப் பற்றியும் பேசுகிற கூட்டமே இன்றைய பொருள். இதைக் கேட்ட நண்பர் ஒருவர், "மின்விசிறி சுற்றவில்லை, தண்ணீர் வரவில்லை என்பதற்கா அறக்கட்டளைச் சொற்பொழிவு?" என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. இந்த மேடையில் பேசப் பெரிய விஷயங்களுக்குப் பஞ்சமில்லை. சாய்ந்தமருதைத் தாண்டினால் காரைதீவு. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர். அதற்கு முந்திய வருடம் இதே கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்து இறங்கியவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். அவர்களைப் பற்றியே ஒரு மணிநேரம் பேசலாம். ஆனால் அஸீஸ் இங்கே எதற்காக வந்தார் என்று ஒருகணம் நினைத்துப் பாருங்கள். 1942 யுத்த காலம். கொழும்பிலும் திருகோணமலையிலும் யப்பான் விமானங்கள் குண்டு போட்ட வருடம். பர்மா அரிசி நின்றுபோயிற்று. நெல் விளைவிப்பதற்கென்று கல்முனையில் அவசரக் கச்சேரி ஒன்று திறந்து அவரை அனுப்பினார்கள். வயலைப் பார்க்க வந்த மனிதர் வரம்பில் நின்ற பிள்ளைகளையும் பார்த்தார். 1945இல் அவர் முன்நின்று தொடக்கிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவருடைய கல்முனை நாட்களையும் சேர்த்தே பேசுவார்கள். இந்த மண்ணில் நெல்லும் கல்வியும் ஒரே மனிதரின் மேசையில் இருந்திருக்கின்றன. அதனால் நானும் வயலிலிருந்தே தொடங்குகிறேன்.

என் வாப்பா வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டை விதானையாக இருந்தவர். அந்தப் பதவிக்குச் சட்டத்தில் பெயர் பலமுறை மாறிவிட்டது, வயலில் மாறவில்லை. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் ஆரம்பக் கூட்டம் நடக்கும். நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல உத்தியோகத்தர், அரசாங்க அதிபர் அல்லது அவருடைய பிரதிநிதி ஒரு பக்கம். போடியார்மாரும் குத்தகைக்காரரும் அரை ஏக்கர்க்காரரும் மறுபக்கம். பாடசாலை மண்டபம், மர வாங்கு, வெற்றிலைத் தட்டு. சிறுவனாக வாப்பாவோடு போய் மூலையில் இருந்திருக்கிறேன். சத்தம் காதைப் பிளக்கும். தண்ணீர் திறக்கிற திகதி, விதைப்பு முடிகிற திகதி, மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, மாடு வயலைவிட்டு வெளியேற வேண்டிய நாள், கடைசித் தண்ணீர் எப்போது என்று எல்லாவற்றுக்கும் சண்டை பிடிப்பார்கள். சிறுபோகம் என்றால் சண்டை இரட்டிப்பு. சேனாநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்தில் எத்தனை அடித் தண்ணீர் நிற்கிறது என்பதைப் பொறியியலாளர் சொல்லியாக வேண்டும். அதை வைத்துத்தான் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பது முடிவாகும். வாப்பா ஒரு நீல மட்டைக் கொப்பியில் திகதிகளை மட்டும் எழுதுவார். யார் என்ன பேசினார் என்பதை எழுதமாட்டார். கூட்டம் முடிந்து சைக்கிளில் வரும்போது ஏன் என்று கேட்டேன். "பேச்ச எழுதி என்ன மகன் செய்யிற? தண்ணி வாற நாள எழுதினாப் போதும்" என்றார்.

அந்தக் கொப்பிக்குப் பின்னால் மூன்று சங்கதிகள் இருந்தன என்பதை நான் விரிவுரையாளராகிப் பல வருடம் கழித்தே கண்டுகொண்டேன். கூட்டம் விதைப்புக்கு முன்னால் நடந்தது. திகதி இரண்டு தரப்பையும் கட்டியது. விவசாயி பிந்தினால் அவனுக்கு நட்டம், வாய்க்கால் பிந்தினால் பொறியியலாளரை வட்டை விதானை சும்மா விடமாட்டார். எவ்வளவு தண்ணீர் கையில் இருக்கிறது என்ற கணக்கு எல்லோர் முன்னாலும் வைக்கப்பட்டது. நான் பிறகு உட்கார்ந்த துறைக் கூட்டங்களில் இந்த மூன்றில் ஒன்றையாவது கண்டதாக நினைவில்லை.

தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் ஒலுவிலுக்கு வருவோம். அந்தப் பல்கலைக்கழகம் எப்படி வந்தது என்பது இந்த மண்டபத்தில் நரைத்த தலைகளுக்குத் தெரியும். 1981இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய கிழக்குப் பல்கலைக்கழகம் 1986இல் முழுப் பல்கலைக்கழகமாயிற்று. 1990க்குப் பிறகு போரால் நிலைமை மாறியது. யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் படித்துக்கொண்டிருந்த நம் பிள்ளைகள் அங்கே திரும்பிப்போக முடியாமல் வீட்டில் இருந்தார்கள். எம்.எச்.எம். அஷ்ரஃப் அமைச்சராக இருந்து முன்நின்றதால் 1995 ஜூலையில் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலை வளாகத்தில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி முளைத்தது; 1996 மே மாதம் அது தேசியப் பல்கலைக்கழகமாயிற்று. கலை கலாசாரமும் முகாமைத்துவமும் வர்த்தகமும் முதலில். பிறகு சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடம், இஸ்லாமியக் கற்கைகள் அரபுமொழிப் பீடம், பொறியியல், தொழில்நுட்பம். ஒலுவிலில் குவைத் நிதியத்தின் உதவியில் கட்டடங்கள் எழுந்தன. கடல் காற்றில் கம்பி துருப்பிடிக்கிற கரையில் ஒரு நகரமே வந்து குந்தியது போல.

இந்த வரலாற்றில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்தப் பல்கலைக்கழகமே ஒரு வசதிக் குறையிலிருந்து பிறந்தது. "பிள்ளைகளுக்குப் பாதுகாப்பாகப் போய்ப் படிக்க இடமில்லை" என்பதைவிடப் பெரிய வசதிக் குறை எது? இரவல் கட்டடத்தில் படித்த முதல் தொகுதியினர் கதிரை போதாது என்று முறைப்பட்டிருக்கமாட்டார்கள். கிடைத்ததே பெரிது என்றிருந்திருப்பார்கள். அந்த நன்றியுணர்வு நல்லது. ஆனால் அதைப் பரம்பரைச் சொத்தாக அடுத்தடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிட்டோம் என்று எனக்குப் படுகிறது. "நாங்க படிக்கக்குள்ள இதுகூட இல்ல" என்ற வாசகத்தை நான் எத்தனை மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன் என்று எண்ணினால் வெட்கமாக இருக்கிறது. அதைக் கேட்ட பிள்ளை அடுத்த கூட்டத்தில் வாயே திறக்காது.

இனி, ஒரு கூட்டத்தைக் காட்டுகிறேன். நான் பல இடங்களில் கற்பித்தவன். எந்த ஊர், எந்தத் துறை என்று தேநீர் நேரத்தில் என்னைக் கேட்கவேண்டாம். துறைத் தலைவரின் அறை சிறியது, ஆகவே கூட்டம் விரிவுரை மண்டபத்தில். விரிவுரையாளர்கள் மேடைப் பக்கம் கதிரைகளில்; வகுப்புப் பிரதிநிதிகள் கீழே, மூன்றாம் வரிசையில் தொடங்கி. பெண் பிள்ளைகள் ஒரு பக்கம், ஆண் பிள்ளைகள் ஒரு பக்கம். தலைவர் கேட்கிறார்: "என்ன குறை? பயப்படாமல் சொல்லுங்க." ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். "ஒண்டுமில்ல சேர்." மறுபடி கேட்கிறார். ஓர் ஆண் பிள்ளை எழும்பி, இரண்டாம் மண்டபத்தில் மின்விசிறி சுற்றுவதில்லை என்கிறார். எல்லோருக்கும் மூச்சு வந்துவிடுகிறது. பிறகு குடிநீர், கழிவறைக் கதவின் கொண்டி, பெண் பிள்ளைகளின் ஓய்வறை, தொழுகை அறைக்குப் பாய். எழுதுவினைஞர் எழுதுகிறார். ளுஹருக்குப் பாங்கு சொல்ல, கூட்டம் கலைகிறது. கூட்டறிக்கையில் ஒவ்வொரு குறைக்கும் எதிரே ஒரே வசனம்: கவனத்தில் எடுக்கப்பட்டது.

ஒருமுறை பழைய கோப்பைப் புரட்டினேன். அதே மின்விசிறி மூன்று வருடக் கூட்டறிக்கையில் இருந்தது. முதல் வருடம் முறைப்பட்ட பிள்ளை பட்டம் வாங்கிப் போய்விட்டான். மூன்று வருடமும் "கவனத்தில் எடுக்கப்பட்டது". நம் அரச தமிழில் இதைப்போல வாய்பேசாத வசனம் வேறில்லை. யார் எடுத்தார்? எங்கே வைத்தார்? அதில் எழுவாயும் இல்லை, திகதியும் இல்லை. வாப்பாவின் கொப்பியில் திகதி மட்டும்தான் இருந்தது. எங்கள் கோப்பில் திகதியைத் தவிர மற்றெல்லாம் இருந்தது.

பின்னர் தெரிந்தது, அந்த மின்விசிறியில் போயிருந்தது கெப்பாசிற்றர் மட்டும். ஊரில் எந்த மின்சாரக் கடையிலும் கிடைக்கும் சாமான். இரண்டு சோற்றுப் பார்சல் வாங்குகிற காசுக்குள் முடிகிற வேலை. ஆனால் துறை பீடத்துக்கு எழுத, பீடம் பராமரிப்புப் பிரிவுக்கு எழுத, அவர்கள் இன்னும் பத்து மின்விசிறி சேரட்டும், மொத்தமாக விலைமனு கோரலாம் என்று வைத்திருக்க, மூன்று வருடம். இதில் கெட்டவர் ஒருவரும் இல்லை. ஒவ்வொருவரும் சட்டப்படியே நடந்தார்கள். பொதுப் பணத்தில் கை வைக்கிறவன் மூன்று விலை கேட்கவேண்டும் என்ற விதியும் சரியான விதிதான். பிழை எங்கே என்றால், காரியம் எந்த மேசையில் நிற்கிறது என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சமுத்திரத்தில் எத்தனை அடித் தண்ணீர் என்று பொறியியலாளர் சொல்லாமல் ஆரம்பக் கூட்டம் நடத்துவது போன்ற வேலை அது.

மின்விசிறிக் கதையைவிட எனக்கு முக்கியமானது மல்டிமீடியாக் கதை. அதில் குற்றவாளி நானே என்பதால் துணிந்து சொல்லலாம்.

என் வகுப்பு நடக்கிற மண்டபத்தில் மல்டிமீடியா ஏறக்குறைய ஒரு வருடம் பழுதாகக் கிடந்தது. நான் எத்தனையோ கடிதம் எழுதினேன். ஒரு மாணவரும் அதைப் பற்றி முறைப்படவில்லை. பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒருவழியாகத் திருத்திக் கொடுத்தார்கள். மூன்று வாரம் ஸ்லைட் போட்டுப் படிப்பித்தேன். அடுத்த கூட்டத்தில், "வெளிச்சம் போதாது சேர், லைட்ட அணைச்சா எழுதேலாம இருக்கு" என்று ஒரு முறைப்பாடு. திரைச்சீலை வாங்கலாமா, மின்குமிழ் மாற்றலாமா என்று ஆராய்ந்தோம். கூட்டம் கலைந்த பிறகு ஒரு மாணவி வாசலில் நின்றாள். சம்மாந்துறைப் பக்கத்துப் பிள்ளை, வகுப்பில் பேசியே நான் கேட்டதில்லை.

"சேர், குறை நினைக்கக் கூடாது. அது பழுதாக் கிடந்ததே நல்லம் சேர்."

"ஏன் புள்ள?"

"அது இல்லாட்டி நீங்க போட்டில எழுதுவீங்க சேர். எழுதக்குள்ள விளங்கப்படுத்துவீங்க, நாங்களும் எழுதிக்குவம். இப்ப நீங்க ஸ்லைட்ட வாசிக்கிற."

அவ்வளவுதான் சொன்னாள். முகம் சிவந்து போய்விட்டாள். ஸ்லைட் ஆங்கிலத்தில், பரீட்சை தமிழில் என்பதை அவள் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் நானாகவே கண்டுபிடித்தேன். வேறொரு நாட்டுப் பாடநூலிலிருந்து எடுத்த ஸ்லைட்டுகள் அவை. அவற்றை வாசித்து, இடைக்கிடை தமிழில் ஒரு வசனம் சொல்லி, அடுத்ததற்குத் தாவிக்கொண்டிருந்தேன். கலைச்சொல் ஒவ்வொன்றையும் தமிழில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அந்தப் பிள்ளைகள் இருட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். அதை "வெளிச்சம் போதாது" என்று மரியாதையாகச் சொன்னார்கள்.

நான் இன்று சொல்ல வந்தது இதுவே. மாணவர் மின்குமிழைப் பற்றிப் பேசும்போது பல தடவை பாடத்தைப் பற்றியே பேசுகிறார். மின்குமிழைப் பற்றிப் பேசினால் ஒருவர் மனமும் நோகாது. "உங்கள் படிப்பித்தல் விளங்கவில்லை" என்று ஆசானின் முகத்துக்கு நேரே சொல்வது நம் ஊரில் அதபு இல்லை. ஓதிக்கொடுத்த மோதினாரிடத்திலிருந்து பழகிய அடக்கம் அது. ஒரு பக்கம் அழகானது. அதோடு புள்ளி என்கிற பயமும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே வசதிக்குறை என்ற பாயில் சுருட்டி வைத்துத் தருகிறார்கள். நாமோ பாயை வாங்கி வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பதைப் பார்ப்பதில்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். நாலாம் வருடத்தில் ஒரு விருப்பப் பாடம், பெறுமதியான பாடம். பதினைந்து பேர் எடுத்தார்கள், இரண்டாம் கிழமைக்குள் ஆறு பேரானது, எல்லாரும் ஆண் பிள்ளைகள். "பெண் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தில் நாட்டமில்லை" என்று ஒரு சகபாடி எழுதியே வைத்தார். பாடம் நேரசூசியில் மூன்றரை மணி முதல் ஐந்தரை வரை. ஐந்தரைக்கு வகுப்பு விட்டு, வளாகத்திலிருந்து பிரதான வீதிக்கு வந்து, அக்கரைப்பற்றிலிருந்து வருகிற பஸ்ஸைப் பிடித்து, கல்முனையில் இறங்கி மருதமுனைக்கு இன்னொரு பஸ் ஏறினால் வீடு போய்ச் சேர எத்தனை மணி? மஃரிபுக்குப் பிந்தி பிள்ளை தனியாக வருவதை எந்த உம்மா பொறுப்பாள்? கலைப் பீடங்களில் பெண் பிள்ளைகளே பெரும்பான்மை என்பது இலங்கை முழுக்க உள்ள நிலை. அவர்களுடைய பாடத் தெரிவை நாம் பாடத்திட்டக் குழுவில் தீர்மானிப்பதாக நினைக்கிறோம். பாதியை பஸ் தீர்மானிக்கிறது. அந்தப் பாடத்தை அடுத்த வருடம் காலை எட்டரைக்கு மாற்றினோம். எண்ணிக்கை கூடியது. நாட்டம் ஒரே இரவில் எங்கிருந்து வந்ததோ!

இதையெல்லாம் நான் கதையாகச் சொல்கிறேன். கணக்காகச் சொன்னால்தான் நம்புவோம் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. இலங்கைத் தகைமைச் சட்டகப்படி ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 50 மணிநேர உழைப்பு. விரிவுரை மட்டுமே உள்ள பாடமானால் அதில் வகுப்பறையில் நடப்பது வழக்கமாக 15 மணிநேரம். மீதி 35? நூலகத்தில், விடுதியில், பஸ்ஸில், வீட்டுத் திண்ணையில். மூன்று கிரெடிட் பாடமென்றால் 105 மணிநேரம் நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது. நாலு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட், 6,000 மணிநேரம். அதில் 4,200 மணிநேரம் விரிவுரையாளர் இல்லாத இடத்தில். இப்போது சொல்லுங்கள்: நூலகம் எத்தனை மணிக்குப் பூட்டுகிறது, விடுதியில் ஒரு மேசைக்கு எத்தனை பேர், வைஃபை எந்த மூலையில் கிடைக்கிறது என்பதெல்லாம் வசதியா, பாடத்திட்டமா? பட்டத்தின் பத்தில் ஏழு பங்கு அங்கேதான் இருக்கிறது. அதை "ஏனைய விடயங்கள்" என்று நிகழ்ச்சி நிரலின் கடைசியில் போட்டு, ளுஹருக்குப் பாங்கு சொல்லும்போது எடுக்கிறோம்.

காசையும் இதில் சேர்க்கவேண்டும். 1981இல் தொடங்கிய மஹாபொல உதவித்தொகை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரிய கைத்தாங்கல். ஆனால் மாதம் 5,000 ரூபாய் என்று அது நெடுங்காலம் நின்றபடி நிற்க, சோறு, பஸ், போட்டோகொப்பி எல்லாம் ஓடின. ஒப்படையைக் கலரில் பிரின்ட் எடுத்து ஸ்பைரல் போட்டுத் தா என்று கேட்கிற விரிவுரையாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். நானும் கேட்டிருக்கிறேன். ஒரு பிள்ளை கையெழுத்தில், மேல்மட்டை மட்டும் பிரின்ட் எடுத்துத் தந்தபோது "பிரசன்டேஷன் போதாது" என்று இரண்டு புள்ளி குறைத்தேன். அந்த இரண்டு புள்ளியைத் திருப்பிக் கொடுக்க இப்போது வழியில்லை.

ஆசிரியர் பக்கத்தையும் சொல்லியாகவேண்டும். இல்லாவிட்டால் என் நண்பர்கள் வெளியில் வைத்துப் பிடித்துக்கொள்வார்கள். 2020 மார்ச்சில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது ஒரே இரவில் சூம் வழியாகப் படிப்பிக்கச் சொன்னார்கள், படிப்பித்தார்கள். 2022இல் பதின்மூன்று மணிநேர மின்வெட்டிலும் பெற்றோல் வரிசையிலும் வகுப்பு நடத்தினார்கள். அந்தப் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நாட்டைவிட்டுப் போன விரிவுரையாளர்கள் ஏராளம். போனவர் பாடத்தை இருப்பவர் தலையில் வைத்தார்கள். 2024 மே மாதம் தொடங்கிய கல்விசாரா ஊழியரின் வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் நீண்டபோது மண்டபச் சாவி யாரிடம் என்பதே பிரச்சினையாயிற்று. பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரையை எண்ணுகிறார்கள். கரும்பலகையில் எழுதி விளங்கப்படுத்திய மணிநேரத்தை யாரும் எண்ணுவதில்லை. இத்தனைக்கும் பிறகு ஒரு மாணவர் வந்து "ஸ்லைட்ட வாசிக்கிற" என்றால் சுருக்கென்று குத்தும். எனக்குக் குத்தியது. குத்தியது அவள் சொன்னது பொய்யென்பதால் இல்லை.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரதிநிதியைத் தெரிவுசெய்யும்போது யார் பயப்படாமல் சத்தம் போடுவார் என்று பார்த்துத் தெரிவுசெய்கிறீர்கள். வட்டை விதானை சத்தம் போடுகிறவர் அல்லர். அவருக்கு யாருடைய வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்பது வரப்பு வரப்பாகத் தெரியும். கூட்டத்துக்குப் போகுமுன் மற்றவர்களிடம் கேட்காமல், தன் விடுதி அறையில் நாலு பேர் சொன்னதை வகுப்பே சொன்னதாகச் சொல்லும் பிரதிநிதியால் கேடுதான். திரும்பி வந்து என்ன முடிவானது என்று வகுப்புக்குச் சொல்லாதவர் பிரதிநிதியே அல்லர். பெயரில்லாக் கடிதம் எழுதுவதையும் நான் ஊக்கப்படுத்தமாட்டேன். ஆனால் பெயர் போட்டு எழுதிய பிள்ளைக்குப் பிறகு என்ன நடந்தது என்பதைப் பார்த்தே மற்றவர்கள் முடிவு செய்வார்கள்; அந்தப் பொறுப்பு எங்கள் பக்கம்.

மொழி என்ற ஒன்று இருக்கிறது. ஒலுவிலும் சம்மாந்துறையும் இன்று தமிழ் பேசுகிற பிள்ளைகளுக்கு மட்டும் உரியவை அல்ல. பொறியியல், பிரயோக விஞ்ஞானம் போன்ற பீடங்களில் சிங்களப் பிள்ளைகள் கணிசமாகப் படிக்கிறார்கள். வீட்டை விட்டு வெகுதூரம் வந்து, மொழி தெரியாத கரையில் விடுதியில் இருக்கிறார்கள். ஒருகாலத்தில் நம் பிள்ளைகள் வேறு ஊர்களில் இருந்ததுபோல. கூட்டம் எந்த மொழியில்? ஆங்கிலத்தில் நடத்தினால் இரண்டு தரப்பும் மௌனம். தமிழில் நடத்தினால் ஒரு தரப்பு. இதற்கு நான் கண்ட ஒரே வழி, ஒவ்வொருவரும் தன் மொழியில் பேச, பக்கத்தில் இருக்கும் பிள்ளை மொழிபெயர்ப்பது. நேரம் இரட்டிப்பாகும். ஆகட்டும்.

சட்டம் இதற்கெல்லாம் தடையா? இல்லவேயில்லை. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் பீடச் சபையில் மாணவர் தெரிவுசெய்யும் இரண்டு மாணவருக்கு இடம் வைத்திருக்கிறது. நாற்பத்தைந்து வருடத்துக்கு மேலாக அந்த இரண்டு கதிரை சட்டத்தில் இருக்கிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் 2015 தர மீளாய்வுக் கைநூல் ஒரு பட்டப்படிப்பை எட்டு அளவுகோலால் அளக்கிறது. மனித, பௌதிக வளங்களும் மாணவர் ஆதரவும் அதில் உண்டு. 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மாணவர் தன் துறையின் கூட்டறிக்கையைக் கேட்டு விண்ணப்பிக்கலாம்; பதினான்கு வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று சொல்லியாகவேண்டும். சொந்தத் துறையில் என்ன முடிவானது என்று அறிய ஒரு பிள்ளை அந்தச் சட்டத்தைத் தூக்கவேண்டி வந்தால், அது துறைக்குத் தலைகுனிவு.

மாணவர் குரல் என்பது மேற்கிலிருந்து இப்போது வந்த புதுப் பழக்கம் என்று சலித்துக்கொள்பவர்களுக்காக ஒரு பழைய செய்தி. ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகங்களில் ஒன்றான இத்தாலியின் பொலொஞாவில், எழுநூறு வருடத்துக்கு முன்னர், மாணவர் சங்கமே ஆசிரியர்களை ஆட்டிவைத்தது. பிந்தித் தொடங்கினால் தண்டப்பணம். நேரம் தாண்டி இழுத்தால் தண்டப்பணம். கடினமான பகுதியை விட்டுவிட்டுத் தாவினால் தண்டப்பணம். அந்த ஊரில் நான் பிறந்திருந்தால் ஸ்லைட்டுகளுக்காக வீடு வாசலை விற்றிருப்பேன். அந்த முறை நமக்கு வேண்டாம். தண்டப் பயத்தில் படிப்பிக்கிறவன் பயத்தைத்தான் படிப்பிப்பான். ஆனால் கடினமான பகுதியை விட்டுத் தாவுகிற வழக்கம் எழுநூறு வருடப் பழசு என்பதில் எனக்கொரு ஆறுதல்.

நம்மிடம் இப்போது உள்ள முறை என்ன? அரையாண்டின் கடைசிக் கிழமையில், பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு படிவம் வருகிறது. ஒன்று முதல் ஐந்து வரை வட்டமிடு. பிள்ளைகள் நாலில் வட்டமிட்டுவிட்டுப் போகிறார்கள். அறுவடை முடிந்து சூடு போட்ட பிறகு வாய்க்காலைத் திறப்பதுபோல. அதில் நல்ல ஆலோசனை ஏதும் வந்தாலும் அதைச் சொன்ன பிள்ளைக்கு ஒரு பயனும் இல்லை; அடுத்த தொகுதிக்குத்தான். தனக்குப் பயன்படாத முறைப்பாட்டைக் கவனமாக எழுத யாருக்குப் பொறுமை இருக்கும்?

ஆகவே நான் கேட்பது சின்ன விஷயம். அதற்குப் பணம் வேண்டாம், ஆணைக்குழுவின் சுற்றறிக்கை வேண்டாம், உபவேந்தரின் அனுமதியும் வேண்டாம். அரையாண்டின் நாலாம் கிழமையில் ஒரு கூட்டம். அதற்குள் பாடம் எப்படிப் போகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். திருத்த இன்னும் பத்துப் பதினொரு கிழமை மிச்சமிருக்கும். முதல் விடயம், சென்ற கூட்டத்தில் கேட்டது என்னவாயிற்று என்பது. ஆகாததென்றால் எந்த மேசையில் நிற்கிறது, ஏன். ஆசிரியர்களும் அன்றைக்கு வாங்கில் வந்து உட்காரட்டும். "என்ன குறை?" என்று கேட்கவேண்டாம், "எந்தக் கிழமைப் பாடம் விளங்கவில்லை?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு மின்விசிறி வரும். இரண்டாவதற்கு ஒரு கிழமையின் பெயர் வரும், அதைப் பிடித்துக்கொண்டு பேசலாம். எழுதுகிறவர் ஒரு கொப்பியில் திகதியையும் பொறுப்பாளியையும் எழுதி, மறுநாளே அதைத் துறை அறிவித்தல் பலகையில் ஒட்டட்டும்.

அந்த மாணவியைப் பற்றிக் கேட்பீர்கள். அடுத்த கிழமை நான் போட்டில் எழுதத் தொடங்கினேன்; ஸ்லைட்டில் கலைச்சொற்களை மட்டும் தமிழும் ஆங்கிலமுமாகப் போட்டேன். அவள் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடைசி விரிவுரையன்று மூன்றாம் வரிசைக்கு வந்திருந்தாள்.

இந்த அறக்கட்டளையாருக்கு ஒரு விண்ணப்பம். வருடா வருடம் ஒருவரைக் கூப்பிட்டுப் பேசவைக்கிறீர்கள், நன்று. ஒரு வருடம் பேச்சாளருக்குப் பதிலாக ஒரு துறையைக் கூப்பிடுங்கள். அவர்களுடைய நாலாம் கிழமைக் கூட்டத்தை இந்த மேடையிலேயே, ஊரார் முன்னால் நடத்தட்டும். பிள்ளைகளின் பெற்றோர் வந்து பார்க்கட்டும். வாப்பாமாரில் பாதிப் பேர் ஆரம்பக் கூட்டம் கண்டவர்கள். எங்கே பிழை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

துறைத் தலைவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். நாட்குறிப்பை எடுத்து, அடுத்த அரையாண்டின் நாலாம் கிழமையில் ஒரு செவ்வாய்க்கிழமையை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். காலையில் வையுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், பிள்ளைகள் வியாழன் பின்னேரமே ஊருக்குப் போக பஸ் ஏறிவிடுவார்கள்.